ஒரகடத்தில் ஓர் ஆள்காட்டியும் நாற்பது மீட்டரும்

ஒரகடத்துக்கு நான் போனது பறவை பார்க்க அல்ல. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் தொழிற்சாலைகளுக்குச் சோதனைக் கேமரா செய்து கொடுக்கிறது. லைனில் ஓடிவரும் பாகத்தில் கீறலோ பிசிறோ இருந்தால் அது பார்த்துச் சொல்லிவிடும். அப்படி ஒன்றை ஒரு பிரேக் பாகத் தொழிற்சாலையில் பொருத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கி வருவதற்குப் பதினைந்து நாள் கொடுத்தார்கள். மே மாதம். பெட்டியில் வைத்தவை: மடிக்கணினி, பாதுகாப்புக் காலணி, ஐந்து பருத்திச் சட்டை, குறிப்பேடு, 300 மி.மீ. லென்ஸ் மாட்டிய என் சொந்தக் கேமரா. கடைசிப் பொருளை அம்மா வெளியே எடுத்து வைத்தாள். நான் மறுபடி உள்ளே வைத்தேன்.

தங்கியது இருங்காட்டுக்கோட்டையில், பெண்களுக்கு மட்டும் அறை விடும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில். மொட்டை மாடிக் கொடியில் நீலம், சாம்பல், மெரூன், வெளிர் பச்சை என்று எல்லாக் கம்பெனிச் சீருடையும் காயும். கொடியைப் பார்த்தே யாருக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று சொல்லிவிடலாம். என் அறையில் இருந்த சங்கீதா செய்யாற்றுக்காரி. முதல் நாளே எச்சரித்தாள்: "அக்கா, இங்க எல்லா பஸ்ஸும் வெள்ளதான். கலரப் பாத்து ஏறாத, போர்டப் பாத்து ஏறு."

இரண்டாம் நாள் போர்டைப் பார்த்துத்தான் ஏறினேன். பின்னால் ஒட்டியிருந்த பழைய போர்டை. ஐந்தே முக்காலுக்குக் கண்ணாடி செய்யும் ஏதோ ஒரு தொழிற்சாலையின் வாசலில் இறங்கினேன். அங்கிருந்த காவலர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வேல மாறிட்டியா?" என்று கேட்டார். ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாக உட்கார்ந்து ஒரகடம் போய்ச் சேர்ந்தேன். முன் இருக்கையில் ஓட்டுநருக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தார்கள். பிரேக்கை யார் மிதித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றி: இட்லிக்கு வடகறி என்ற ஒன்றை இங்கேதான் முதன்முறையாகத் தின்றேன். எங்கள் ஊரில் யாரும் வடையை உடைத்துக் குழம்பாக்கத் துணிய மாட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து சட்னியைத் தொடவில்லை. தண்ணீரில் மட்டும் சமாதானம் ஆகவில்லை. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்குக் கேன் தண்ணீர் ஒரு மருந்து மாதிரி இருந்தது.

தொழிற்சாலைக்குள் கேமரா கூடாது. கைபேசிக் கேமராவின் மேலேயே வாசலில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். என் கேமராவை வாசல் அறையின் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொடுத்தவர் காவலர் முருகன். சங்கரன்கோவில் பக்கம். வாசலில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வாசலுக்கு வெளியே, சாலையின் எதிர்ப்பக்கம், கம்பெனியின் லாரி நிறுத்துமிடம். சரக்கு இறக்க முறை வரும்வரை லாரிகள் அங்கே காத்திருக்கும். ஜல்லி கொட்டிச் சமன் செய்த மைதானம். அங்கே கேமராவுக்குத் தடை இல்லை.

மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்கு அந்த ஜல்லியில் நடந்தபோது தலைக்கு மேல் ஒரு கூச்சல். சிவப்புமூக்கு ஆள்காட்டி. கறுப்புத் தலை, கறுப்பு மார்பு, கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தசை, மஞ்சள் குச்சிக் கால். சுற்றிச் சுற்றிப் பறந்து என்னைக் காட்டிக் கொடுத்தது. இவ்வளவு கத்தினால் பக்கத்தில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். பின்வாங்கி, லென்ஸ் வழியாகத் தேடி, பதினைந்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். ஜல்லிக்கு நடுவில் ஜல்லி நிறத்திலேயே நான்கு முட்டைகள். நான் நின்ற இடத்திலிருந்து நாற்பது மீட்டர்.

அன்றே குறிப்பேட்டில் விதிகளை எழுதினேன். தினமும் அதே நேரம். தினமும் அதே சாம்பல் சட்டை, மாலையில் துவைத்துக் காலையில் போட வேண்டும். நேராக நடக்காமல் சாய்வாக நடக்க வேண்டும். முதல் கூச்சலிலேயே நின்று இரண்டு அடி பின்வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நெருங்கக் கூடாது. அது எழுந்து பறந்தால் அன்றைய வேலை முடிந்தது.

எனக்கு வேண்டிய படம் எது என்பதும் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. வெயில் ஏற ஏற, ஜோடியில் ஒன்று வாசல் அறை ஏசி சொட்டும் குட்டையில் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டை மேல் உட்காரும். முட்டையைக் குளிரவைக்க அது வைத்திருக்கும் ஏற்பாடு அது. நெஞ்சு இறகில் நிற்கும் துளிகளை நான் எடுக்க வேண்டும். அதற்கு ஆறு மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். பதின்மூன்றாம் நாளுக்குள் ஆறு மீட்டர் என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

நான்காம் நாள் முப்பத்தேழு. ஐந்தாம் நாள் முப்பத்துமூன்று. ஆறாம் நாள் ஓர் அங்குலமும் முன்னேறவில்லை. அன்றைக்குத்தான் மேரி அக்காவைக் கவனித்தேன்.

மண்ணூர்க்காரர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒப்பந்தத் துப்புரவு வேலை. ஆரஞ்சு கோட்டு, சக்கரம் வைத்த பச்சைக் குப்பைத் தொட்டி. தினமும் நாலு தடவை அந்த மைதானத்தில் பேக்கிங் பட்டையும் டீக் கப்பும் கூட்டுவார். தொட்டியைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு முட்டைக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் போனார். ஆள்காட்டி கழுத்தைக்கூட நீட்டவில்லை.

"எப்படிக்கா? உங்களப் பாத்துக் கத்தவே மாட்டீங்குது?"

"நான் இன்னாத்துக்கு அதப் பாக்கப் போறேன்? எனக்கு வேல கீது. நீதான் பொண்ணு பாக்க வந்தவங்க மாரி மொறச்சி மொறச்சிப் பாக்கற. யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்யும்."

குறிப்பேட்டில் சேர்த்தேன்: பார்க்கக் கூடாது. மறுநாளிலிருந்து ஒரு காலி பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து, பறவைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, என் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் இருபத்தெட்டு. எட்டாம் நாள் இருபத்துமூன்று. ஒன்பதாம் நாள் காலை பதினெட்டு மீட்டரில் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். அது ஒரு கண்ணை மூடித் தூங்கியது. எனக்கு அன்று முழுதும் வேலை சுலபமாக ஓடியது.

அதே ஒன்பதாம் நாள் மாலை, ராஜஸ்தானிலிருந்து கம்பிச் சுருள் ஏற்றி வந்த டிரெய்லர் ஒன்று பின்னால் எடுத்தது. பறவை எழுந்து சக்கரத்துக்கு முன்னால் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. நான் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே ஓடினேன். சக்கரம் நான்கடி தள்ளி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து முட்டையைப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "எங்கள் ஊரில் இது மேட்டில் முட்டையிட்டால் அந்த வருஷம் மழை ஜாஸ்தி என்பார்கள். லாரி நிறுத்துமிடத்தில் இட்டால் என்ன அர்த்தம்?"

கிளீனர் பதில் சொன்னார்: "லோடு ஜாஸ்தி."

அவர்கள் சிரித்தார்கள். நான் நேராக உள்ளே போய், இரவு ஷிஃப்டுக்கு அப்போதுதான் வந்திருந்த சூப்பர்வைசர் தினேஷிடம் சொன்னேன். என் சோதனைக் கேமராவுக்கு லைனில் இடம் ஒதுக்கித் தந்தவர் அவர்தான். நல்ல மனிதர். எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதவர். "மேடம், இது ஒரு விஷயமா? என்கிட்ட விடுங்க" என்றார். நான் விட்டேன்.

பத்தாம் நாள் காலை ஆறேகாலுக்கு மைதானத்தில் பார்த்தது: நான்கு ஆரஞ்சுக் கூம்புகள். அவற்றைச் சுற்றி இரண்டு வரிசை மஞ்சள் கறுப்பு நாடா, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கம்பு. கம்பில், லைனில் சந்தேகத்துக்குரிய பாகங்கள் மேல் தொங்கவிடும் சிவப்பு அட்டை. தினேஷ் அதை முறையாக நிரப்பியிருந்தார். பாகத்தின் பெயர்: முட்டை. எண்ணிக்கை: 4. நிலை: நிறுத்தி வைக்கப்பட்டது. கீழே கையெழுத்து, நேரம் 5.40.

ஜோடி இரண்டும் தொலைவில், சாலை ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தன. நாடா ஒவ்வொரு முறை அடித்தபோதும் ஒரு படி பின்னால் போயின. முட்டை வெறுமனே கிடந்தது. எட்டரை மணிக்கெல்லாம் அந்த ஜல்லியில் கை வைக்க முடியாது. வெயிலில் முட்டை அவிந்துவிடும்.

வாசல் அறைக்கு ஓடினேன். "அண்ணாச்சி, அந்த நாடாவ எடுத்துடலாம். உடனே."

"எடுக்கலாம்மா. அட்டை தொங்குதுல்லா? போட்டவுக கையெழுத்து இல்லாம அத யாரும் தொடக்கூடாது. நான் தொட்டா என் வேல போயிரும்."

அவரோடு வாதாட என்னால் முடியவில்லை. சிவப்பு அட்டையைப் போட்டவர் மட்டுமே எடுக்க வேண்டும் என்பதை நானே எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் விதிவிலக்கு இல்லை என்று சிவப்புப் பேனாவில் எழுதியும் காட்டியிருக்கிறேன்.

தினேஷ் ஆறு மணிக்கே பைக்கில் மணிமங்கலத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை அவர் மனைவி எடுத்தார். "இப்பதாங்க படுத்தாரு. லைன் நின்னுடுச்சா?"

"இல்லைங்க. முட்டை."

பிறகு தூக்கக் குரலில் தினேஷ் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "ஐயையோ, சேஃப்டிக்குத்தானே மேடம் போட்டேன். அண்ணாச்சிகிட்ட போனக் குடுங்க."

அண்ணாச்சி கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "வாயால சொன்னா செல்லாதுன்னு போன மாசம் அவரேதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு. அத எப்படி மறப்பேன்?"

"வர்றேன்" என்று போனை வைத்தார் தினேஷ். மணிமங்கலத்திலிருந்து அரைமணி நேரம். அதற்குமேல் படப்பையில் லாரி நெரிசல். மணி ஏழாகியிருந்தது. லைனில் என் சோதனை ஓட்டம் ஏழு மணிக்கு; வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து காத்திருந்தார். தாமதமாகும் என்று செய்தி அனுப்பினேன். நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடத்தில் அப்படி அனுப்பிய முதல் செய்தி.

மேரி அக்கா தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாழ்வாக இருந்த வெயிலைப் பார்த்தார். குனிந்து நாடாவுக்கு அடியில் நுழைந்து, தொட்டியையும் சாய்த்து உள்ளே இழுத்து, முட்டைக்குக் கிழக்கே நிறுத்தினார். தொட்டியின் நிழல் நான்கு முட்டை மேலும் விழுந்தது.

"ஏய் மேரி! அட்டை தொங்குது, கண்ணு தெரியலியா?" என்று வாசலிலிருந்தே அண்ணாச்சி கத்தினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"நீ பத்தாங்கிளாஸ் பாஸுல்லா!"

"பாஸுதான். இன்னிக்கி மட்டும் தெரியாது."

ஏழே முக்காலுக்கு தினேஷ் வந்தார். அரைக்கால் சட்டை, கலைந்த தலை, காலில் மட்டும் விதிப்படி பாதுகாப்புக் காலணி. அண்ணாச்சி அவரிடம் அடையாள அட்டை கேட்டார். இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னார். பார்க்க வந்தவர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தினேஷ் என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொன்னேன்.

சிவப்பு அட்டையை எடுக்க வேண்டுமானால் மூன்று கட்டத்தில் ஒன்றில் டிக் போட வேண்டும். ஏற்கப்பட்டது, மறுவேலை, கழிவு. தினேஷ் ஏற்கப்பட்டது என்பதில் டிக் போட்டு, கையெழுத்துப் போட்டு, நேரமும் எழுதினார். பிறகு அண்ணாச்சி, தினேஷ், நான் மூவருமாக நாடாவைச் சத்தமில்லாமல் சுருட்டினோம். கூம்புகளையும் தூக்கினோம். லாரிக்குத் தடையாக, பல மாதமாக அங்கேயே கிடந்த இரண்டு உடைந்த மரப் பலகைகளை மட்டும் சற்று நகர்த்திப் போட்டோம். அவை பறவைக்குப் பழக்கமானவை. மேரி அக்கா தொட்டியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலக் கூட்டப் போனார்.

"யாரும் அந்தப் பக்கம் பாக்கக் கூடாது" என்றேன்.

வாசல் அறைச் சுவரைப் பார்த்தபடி மூவரும் நின்றோம். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ தண்டனை என்று நினைத்து வேகமாக உள்ளே போனார்கள். தினேஷின் காது சிவந்திருந்தது. "நல்லதுக்குத்தானே மேடம் பண்ணேன்" என்றார். "தெரியும்" என்றேன். அவரிடம் சொன்னது நான். என்ன செய்யக் கூடாது என்று சொல்லாததும் நான்தான்.

அண்ணாச்சி மட்டும் சும்மா நிற்கவில்லை. லாரிக்கு அடியில் சோதனை போடும் நீளக் கைப்பிடிக் கண்ணாடியை எடுத்துத் தோளுக்கு மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். "நடக்குது... நின்னுட்டு. திரும்ப நடக்குது. தொட்டி இருந்த எடத்தச் சுத்துது. ஏ, குட்டையில இன்னொன்னு முங்குதுல்லா."

"உக்காந்துச்சா?" தினேஷ் சுவரிடம் கேட்டார்.

"பொறும்யா. ... உக்காந்துட்டு."

எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். நாடா கட்டியதிலிருந்து இரண்டரை மணி நேரம்.

பதினோராம் நாள் நான் மைதானத்தில் கால் வைத்தவுடனேயே கூச்சல் எழுந்தது. அளந்தேன். நாற்பது மீட்டர். அந்த நாடாவையும் பறவை என் கணக்கில் எழுதிவிட்டது. பன்னிரண்டாம் நாள் முப்பத்தெட்டு. பதின்மூன்றாம் நாள், அடிக்கோடிட்ட நாள், முப்பத்தைந்து. சோதனை ஓட்டம் முடிந்தது, கையெழுத்தும் கிடைத்தது. இனி ஒரு காலைதான்.

கடைசிக் காலை மேரி அக்கா கோட்டைக் கழற்றி நீட்டினார். "இத மாட்டிக்க. தொட்டியையும் எடுத்துக்க. கிட்டப் போயி உன் போட்டோவ எடுத்துட்டு வா. பாவமா கீது உன்னப் பாத்தா."

வாங்கினேன். மாட்டியும் பார்த்தேன். அந்தக் கோட்டில் போனால் ஆறு மீட்டர் நிச்சயம். ஆனால் ஆறு மீட்டரில் நான் நிற்பேன், பார்ப்பேன், லென்ஸை உயர்த்துவேன். ஒருமுறை அது அஞ்சிவிட்டால் அப்புறம் அந்த ஆரஞ்சு கோட்டைக் கண்டாலும் எழுந்துவிடும். மேரி அக்கா தினமும் நாலு தடவை கூட்டுகிறார். நாலு தடவையும் முட்டை வெயிலில் கிடக்கும். நான் அன்றே ஊருக்குப் போய்விடுவேன்.

கழற்றிக் கொடுத்தேன். "நீங்க போய்க் கூட்டுங்கக்கா."

"அப்ப படம்?"

"இங்கிருந்து எடுத்துக்கறேன்."

முப்பத்துமூன்று மீட்டரிலிருந்து எடுத்தேன். படத்தில் டிரெய்லர் சக்கரங்கள், ஜல்லி, தொட்டியை இழுத்துக்கொண்டு நேரே முன்னால் பார்த்து நடக்கும் மேரி அக்கா. அவர் காலுக்குப் பக்கத்தில் ஆள்காட்டி, தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தது. துளிகள் தெரியவில்லை. காட்டினேன். "என் மூஞ்சி நல்லா வுழுந்துகீது. அனுப்பு" என்றார். அனுப்பினேன்.

ஊர் வந்து ஆறாம் நாள் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி. "ஏம்மா, மூணு குஞ்சு வந்துச்சு. பஞ்சுக்குக் காலு மொளச்சி ஓடற மாரி கீது. ஒன்னு மட்டும் அப்டியே கெடக்குது, முட்டையாவே. தினேஷ் சாரு வந்து பாத்தாரு. அந்த ஒன்னாண்டயே குந்திகினு இருந்துட்டுப் போயிட்டாரு."

நான்காவது முட்டை அந்த இரண்டரை மணி நேரத்தில் போனதா, முன்பிருந்தே கூமுட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. தினேஷுக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். குறிப்பேட்டில் மூன்று என்று எழுதினேன்.

செய்தியை மூடும்போதுதான் மேரி அக்காவின் வாட்ஸ்அப் படம் மாறியிருப்பதைக் கண்டேன். என் படம்தான். சக்கரங்களை வெட்டியிருந்தார், லாரியை வெட்டியிருந்தார், தொட்டியில் பாதியை வெட்டியிருந்தார். தலை முதல் கால் வரை தான் மட்டும் தெரிய வேண்டும் என்று நான்கு பக்கமும் நெருக்கி வெட்டியிருக்கிறார். ஆள்காட்டியை மட்டும் வெட்ட முடியவில்லை. அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.